காலடியில் மான் இருந்த வண்டி

மிச்சிகன்,
செப்டம்பர் 15, 1996.

அன்பு மகள் ட்ரூடிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் நல்லபடியா இருக்கோம், அவர் கண்ணைத் தவிர மத்ததெல்லாம் ரெண்டு பேருக்கும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நீயும் அந்த அலாஸ்காத் தீவுல குளிர் தாக்காம, வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருக்கணும், ஜெபத்துல உன் பேரை நான் ஒரு நாளும் விட்டதில்லை. ஃபோன்ல பேசினா ஆகாதான்னு கேப்பே. ஃபோன்ல பேசினா உங்கப்பா மாடியில இருக்கிற ரிசீவரை எடுத்துக்கிட்டு நான் சொல்ற ஒவ்வொண்ணுக்கும் திருத்தம் போடறார், ஒரு விஷயம் முழுசாச் சொல்ல முடியலை. இப்பவும் எதிர் நாற்காலியிலதான் இருக்கார், ரேடியோவுல பேஸ்பால் ஓடுது, நம்ம ஆளுங்க வழக்கம்போல தோத்துக்கிட்டிருக்காங்க. என்ன எழுதறேன்னு ரெண்டு தடவை கேட்டாச்சு. எழுதி முடிச்சதும் படிச்சுக் காட்டணுமாம். காட்டறேன், எதைக் காட்டணுமோ அதை.

நீ பழைய பிக்கப் ஒண்ணு வாங்கப் போறேன்னு எழுதியிருந்தே இல்லையா, அதனாலதான் இவ்வளவு பெரிய கடிதம். இந்த வருஷம் நம்ம வீட்டு கராஜுல என்ன நடந்ததுன்னு உனக்கு அங்கங்க துண்டு துண்டாத்தான் தெரியும். முழுசாக் கேட்டுக்கோ, அப்புறம் வாங்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணு.

கண் விஷயம் உனக்குத் தெரிஞ்சதுதான். நேராப் பாத்தா நடுவுல மசமசன்னு ஒண்ணும் தெரியறதில்லை, ஓரமாப் பாத்தா தெரியுது. என் முகத்தைப் பாக்கணும்னா என் காதைப் பாத்துக்கிட்டு நிக்கறார். சர்ச்சுக்குப் புதுசா வந்த ஒரு அம்மா என்கிட்ட வந்து, உங்க வீட்டுக்காரர் ஏன் எப்பவும் கோவிச்சுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கறார்னு கேட்டாங்க. பிப்ரவரியிலயே டாக்டர் சொல்லிட்டார், இது திரும்பாது, செப்டம்பர் கடைசியில லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது கண் பரிசோதனையில கட்டாயம் நிறுத்திடுவாங்க, அதுவரைக்கும் பகல்ல, பழகின ரோட்டுல, மெதுவாப் போகலாம்னு. உங்கப்பா வெளியில வந்து பிக்கப்புல ஏறி உக்காந்து ரொம்ப நேரம் சாவியைப் போடவே இல்லை. அப்புறம், "அப்ப எனக்கு ஒரு கோடை இருக்கு வெர்னா"ன்னார்.

அந்த ஒரு கோடைக்கு அவருக்கு என்ன ஆசைன்னு தெரியுமில்லையா. ஆயுசுல பாதி கார் ஃபாக்டரியில தகரம் அழுத்தற பிரஸ் மிஷின் முன்னாடி நின்னு எழுபதாம் வருஷத்து அந்த ரெண்டு கதவு வண்டிகளுக்கு சக்கரத்தை மூடற ஃபெண்டர் தகரம் அடிச்சுத் தள்ளினவர், மூக்கு நீண்டு, உள்ள பெரிய எஞ்சின் வெச்சு உறுமுமே, அதுல ஒண்ணுல கூட உக்காந்து ஓட்டினது கிடையாது. நமக்கு வாய்ச்சதெல்லாம் ஸ்டேஷன் வேகன்தான், உன்னையும் உன் சைக்கிளையும் உன் குதிரைச் சேணத்தையும் ஏத்த. ஒரே ஒரு தடவை அப்படி ஒரு வண்டியைத் தானே ஓட்டிக்கிட்டு, என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, வடக்கே மேக்கினா பாலத்தைத் தாண்டிப் போயிட்டு வரணும், லைசென்ஸ் கையில இருக்கும்போதே. அவ்வளவுதான். இதுக்கு மேல அந்த மனுஷன் எதையும் கேட்டதில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுல சர்ச்சுல நமக்குப் பின் பெஞ்சுல உக்கார்ற ஆர்வில் கெஸ்லர் பேச்சுவாக்குல சொல்லியிருக்கார், கொட்டகையில தார்ப்பாய் போட்டு ஒண்ணு நிக்குது, செவப்பு, எழுபதாம் வருஷம், நான் பனியில எடுக்கறதே இல்லைன்னு. உங்கப்பா பொரிச்ச மீனைப் பாதியில வெச்சுட்டார். மறுநாளே கிளம்பிட்டார், யாரையும் கூடக் கூப்பிடலை. தகரத்தோடயே வாழ்ந்தவன், விரலால தட்டிப் பாத்தாலே எனக்குத் தெரியும்னு பெருமை. ஆனா காந்தத்தை மறக்கலை. ஃப்ரிட்ஜுல ஒட்டியிருந்ததே, நீ ஏழாங்கிளாஸ் சுற்றுலாவுல வாங்கிட்டு வந்த மீன் காந்தம், அதைக் கைக்குட்டையில சுத்தி பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போனார். நம்ம ஊர்ல காந்தம் இல்லாம எவன் பழைய வண்டி பாக்கப் போறான். பனிக்காலம் பூரா ரோட்டுல உப்பைக் கொட்டறாங்க, உப்பு தகரத்தைத் தின்னுடுது, தின்ன ஓட்டையைப் பட்டி வெச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது, காந்தம்தான் ஒட்டாம வழுக்கி விழுந்து காட்டிக் கொடுக்கும்.

சரி, கொண்டு போனார், வெச்சுப் பாத்தாரான்னு கேளு. பாக்கலை. ஆர்வில் சம்சாரம் லுவெல்லா ருபார்ப் கேக்கும் காப்பியும் எடுத்துக்கிட்டு கொட்டகைக்கே வந்துட்டாளாம். அதுக்கு முந்தின மாசம் உங்கப்பா கண்ணுக்கு லேசர் வெச்சு வந்தப்ப உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் சுட்டு, பெரிய கண்ணாடித் தட்டு நிறைய நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்தவ அவ. ஞாயித்துக்கிழமை தோறும் நம்ம முதுகுக்குப் பின்னாடி உக்காந்து பாடற மனுஷனோட வண்டியில, அவர் கண்ணு முன்னாடியே காந்தத்தை வெச்சா, உன் பேச்சுல எனக்கு நம்பிக்கை இல்லைன்னு சொல்ற மாதிரின்னு இவர் பாக்கெட்டுக்குள்ளயே கையை வெச்சுக்கிட்டு நின்னுட்டு, நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டார். பேண்ட்டைத் துவைக்கப் போடும்போது காந்தம் கைக்குட்டையில சுத்தினபடியே இருந்தது. கட்டின முடிச்சு அவிழ்க்கவே இல்லை. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஈஸ்டர் முடிஞ்ச வாரம் எண்ணெய் மாத்தறதுக்காக வண்டியைத் தூக்கினார். பின் சக்கரத்துக்கு முன்னாடி ஜாக்கியை வெச்சு அடிக்கறார், ஜாக்கி மேல போகுது, வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. நான் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன், கரகரன்னு ஒரு சத்தம், உங்கப்பா வாயில சர்ச்சுக்கு ஆகாத ஒரு வார்த்தை. வண்டியோட அடிச் சட்டத்தையே துளைச்சுக்கிட்டு ஜாக்கி உள்ள போயிருக்கு. அந்தச் சட்டத்துக்குள்ள பழைய பேப்பரைத் திணிச்சு, மேல பட்டி பூசி, அதுக்கு மேல கறுப்புப் பெயிண்ட். அப்புறம் ஒவ்வொண்ணா வந்தது. கதவுக்குக் கீழ எல்லாம் பட்டி, டிக்கி அடியில கை உள்ள போகுது. பிரேக் குழாய்களைத் துருவோட சேத்துக் கறுப்பு அடிச்சு வெச்சிருக்கு, அது அந்த வாரமே வெடிச்சு, பெடலு தரையோட போய், வண்டி தானா உருண்டு என் லைலாக் செடி மேல ஏறி நின்னுச்சு. நல்ல வேளை செடி மேல. எஞ்சின் மட்டும் தங்கம். அதையும் சொல்லணும்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. ஓட்டறவர் காலடியில இருந்த கம்பளத்தைக் கிழிச்சாரு, அங்க தரையே இல்லை. தரைக்குப் பதிலா ஒரு மஞ்சள் தகரம், சுத்தி ரிவிட் அடிச்சு வெச்சிருக்கு. அவருக்கு அது மஞ்சளாத்தான் தெரிஞ்சது, என்னைக் கூப்பிட்டார். நான் குனிஞ்சு பாத்தா, பாயற மாதிரி ஒரு மான். மான் குறுக்க வரும், பாத்துப் போன்னு ரோட்டோரம் வைக்கிற மான் பலகை. மானோட வயித்துல அஞ்சாறு சின்ன ஓட்டை, எவனோ துப்பாக்கியால சுட்டது. எனக்கு அந்த ஓட்டைகளைத் தெரியாதாடி, நீ ஸ்கூலுக்குப் போறப்ப பஸ்ஸுக்கு அந்தப் பலகைக்குக் கீழதானே நிப்பே. கெஸ்லர் வீட்டுக்குப் பக்கத்து ரோட்டு வளைவுல இருந்து அந்தப் பலகை காணாமப் போனப்ப ஊரே பேசிச்சு, காலேஜ் பசங்க எடுத்திருப்பாங்கன்னு. காலேஜ் பசங்களாம். அப்ப இதைப் பண்ணினது அவருக்கு முன்னாடி வண்டியை வெச்சிருந்த எவனோ இல்லை, ஆர்வில் கெஸ்லரேதான்.

போய்க் கேளுங்கன்னேன். முடியாதுன்னுட்டார். பின் பெஞ்சுல உக்கார்றவன்கிட்ட எப்படிக் கேக்கறதாம். கேட்டா அப்புறம் அவன் எங்க உக்காருவானாம். அந்த ஞாயித்துக்கிழமையும் ரெண்டு பேரும் கை குலுக்கி, மழை பத்திப் பேசிட்டு வந்தாங்க. வண்டி எப்படி இருக்குன்னு ஆர்வில் கேக்கறார், நல்லாயிருக்குன்னு இவர் சொல்றார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஒரு பக்கம் இந்த மனுஷனுக்கு நாள் போய்க்கிட்டிருக்கு, காலையில செய்தித்தாள் தலைப்பு தெரிஞ்சது சாயங்காலம் தெரியலைன்னு சொல்றார், இன்னொரு பக்கம் இந்த மரியாதை.

லுவெல்லாவோட கண்ணாடித் தட்டு என்கிட்டதானே இருந்தது. ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர்ற பழக்கம் நமக்குக் கிடையாதே. மானோட தலைப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தா தட்டுக்குச் சரியா இருந்தது, அதை உள்ள வெச்சேன், சுத்திலும் உடைஞ்ச பட்டி, துரு, சட்டத்துல இருந்து எடுத்த பேப்பர் எல்லாம் போட்டு, மேல ஃபாயில் சுத்தி, ஓரத்தை நல்லா மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். லுவெல்லா என்ன வெர்னா இவ்வளவு கனமா இருக்குன்னு மேஜை மேல வெச்சா. ஆர்வில் கேக் ஏதாவது இருக்கும்னு ஃபாயிலைத் தூக்கினார். மானோட கொம்பு தெரிஞ்சது. மெதுவா மூடிட்டார். லுவெல்லா காப்பி போடட்டுமான்னு கேட்டா, போடுன்னேன். காப்பி குடிச்சோம், சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு நடவு இந்த வருஷம் தள்ளிப் போகும்னு பேசினோம், அவளோட புதுத் திரைச்சீலையைப் பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசலை.

மறுநாள் சர்ச் முடிஞ்சு சாப்பிட்டுக்கிட்டிருக்கோம், ஆர்வில் பிக்கப் பின்பக்கமா உள்ள வருது, பின்னாடி வெல்டிங் மிஷின். இறங்கினார், தொப்பியைக் கழட்டினார், "டெல்மர், இது வீட்டுல சும்மாத்தான் கிடக்கு"ன்னார். உங்கப்பாவும், சும்மா கிடக்குதுன்னா கொண்டா வெச்சுக்கலாம்னார். அவ்வளவுதான் பேச்சு. அன்னியிலேர்ந்து வயல் வேலை முடிச்சுட்டுத் தினமும் வந்தார். இவருக்கு வெல்டு வைக்கிற இடம் தெரியலை, ஆனா தகரத்தை விரலாலத் தடவி இங்க வெட்டு, இங்க மடின்னு சொல்லுவார், அவர் வெட்டுவார். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கவே மாட்டாங்க, உங்கப்பாவாவது கண்ணால, ஆர்வில் வெக்கத்தால.

ஜூன்ல ஒரு நாள் மான் தொத்திறைச்சி வெச்சு சாண்ட்விச் கொண்டு போனேன், கராஜ் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டேன், உள்ள பேச்சு. ஆர்வில்தான் ஆரம்பிச்சார். "உன் பாக்கெட்டுல கை இருந்ததைப் பாத்தேன். நீ காந்தத்தை எடுத்திருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன் டெல்மர். எடுப்பே எடுப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன்." உங்கப்பா சுத்தியலைக் கீழ வெச்சுட்டுச் சொன்னார், "நான் நீ சொல்லுவே சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்டா." ரெண்டும் ரெண்டு கழுதைங்க. நான் தொண்டையைச் செருமிக்கிட்டு உள்ள போனேன், ரெண்டு பேரும் உடனே மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க.

ஜூலையிலதான் அந்த அடி விழுந்தது. பிக்கப்புல ஆணி வாங்கக் கடைக்குப் போனவர், திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைக் கம்பத்தோட சாச்சுட்டார். தெரியவே இல்லையாம், சத்தம் கேட்டுத்தான் நிறுத்தியிருக்கார். உள்ள வந்து சாவியை மேஜை மேல வெச்சு, "இன்னிக்குத் தபால் பெட்டி. அந்த வீட்டுல குழந்தைங்க இருக்கு"ன்னார். அன்னியோட ரோட்டுல ஓட்டறதை விட்டுட்டார், யாரும் சொல்லலை, தானா. கராஜ் பக்கமும் போகலை. புதுத் தக்காளி வெச்சு சாண்ட்விச் பண்ணிக் கொடுத்தா பாதியைத் தட்டுல விட்டுட்டு எழுந்துடுவார். நீ அப்ப ஃபோன் பண்ணினப்ப அப்பா தூங்கறார்னு சொன்னேன் பாரு, தூங்கலை, தோட்டத்துல நாற்காலி போட்டு சும்மா உக்காந்திருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது, சமையலறையில போய் அழுதுட்டு வந்தேன். ஆர்வில் மட்டும் வர்றதை நிறுத்தலை. வருவார், டெல்மர் எங்கேன்னு கேக்க மாட்டார், தனியா வேலை பாத்துட்டுப் போவார். தரை போட்டு, சட்டம் போட்டு, பிரேக் குழாய் பூராவும் புதுசு மாத்தி, ஆகஸ்ட் கடைசியில வண்டி முடிஞ்சு போச்சு. ஓட்ட ஆள்தான் இல்லை.

போன சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னாடி ஆர்வில் வந்து நின்னார். பீட் வயலுக்கு மருந்து தெளிக்கிற சின்ன விமானம் இறங்கறதுக்கு அவர் மச்சான் புல் தரை ஒண்ணு வெச்சிருக்காரில்லையா, நீளமா, நேரா, சுத்திலும் ஒரு மரம் கிடையாது. அங்க வாங்கன்னார். தபால் பெட்டியே இல்லை டெல்மர், ஆள் இல்லை, குழந்தை இல்லை, லைசென்ஸும் எவனும் கேக்க மாட்டான்னார். உங்கப்பா தரை எங்க முடியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னார். நான் நிக்கறேன்னார் ஆர்வில். மான் வேட்டைக்குப் போடற ஆரஞ்சு கோட்டு ஒண்ணைப் போட்டுக்கிட்டு வந்திருந்தார், ஓரக்கண்ணுல அது பளிச்சுன்னு தெரியுமாம், அதைக் கண்டதும் பிரேக்கைப் போட்டா போதும்னார். பக்கவாட்டுல நில்லுங்கன்னேன் நான். மாட்டேன்னு தலையை ஆட்டிட்டார். "பிரேக்கைப் புதுசா மாத்தினவன் நான்தானே வெர்னா, நேரா நான் நிக்காம வேற யாரு நிப்பா"ன்னார்.

அங்க வரைக்கும் நான்தான் ஓட்டினேன். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவோட பீட் லாரியை சர்க்கரை ஆலைக்கு ஓட்டினவ நான், நாலு கியர் எனக்கு ஒரு பெரிய விஷயமா. உங்கப்பா வழியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு கிளட்ச் கிளட்ச்னு சொல்லிக்கிட்டே வந்தார். புல் தரை வந்ததும் இடம் மாத்திக்கிட்டோம். ஒரே ஒரு நிபந்தனை, நான் வாயைத் திறக்கக் கூடாது. உனக்குத் தெரியும், இந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து நான் பேசாம வந்த நாள் கிடையாது. தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமாத் திருப்பி வெச்சுக்கிட்டார், என்னைப் பாக்கறாரோன்னு நினைச்சேன், இல்லை, அப்படித்தான் முன்னாடி தெரியும். எஞ்சினை எழுப்பினார். அப்புறம் ட்ரூடி, நான் என்ன சொல்ல. முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. கியர் ஒவ்வொண்ணும் சத்தத்தைக் கேட்டே மாத்தினார், ஒரு தடவை கூடக் கரகரன்னு உரசலை. நான் ஜன்னல் பக்கம் பாக்காம அவரையே பாத்தேன். முப்பது வருஷம் முன்னாடி பாத்த முகம்டி அது. சிரிக்கலை, ஆனா சிரிப்புக்கு முன்னாடி ஒரு முகம் இருக்குமே, அது.

அப்புறம்தான் முன்னாடி பாத்தேன். ஆரஞ்சு கோட்டு எனக்கு நல்லாத் தெரியுது, அவருக்குத் தெரியலை. இன்னும் தெரியலை. ஆர்வில் கையை அகலமா வீசறார். நான் சொன்ன வாக்கைக் காப்பாத்தி வாயை மூடிக்கிட்டு, கதவுப் பிடியை நசுக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். கடைசியில ஒரு சின்ன மூச்சு விட்டார், பிரேக்கை அமுக்கினார், புல்லைக் கிழிச்சுக்கிட்டு வண்டி நேரா, கொஞ்சமும் இழுக்காம நின்னுச்சு. ஆர்வில் நகரவே இல்லை. பம்பர் அவர் பேண்ட்டைத் தொட்டுக்கிட்டிருக்கு. முகம் சுண்ணாம்பா வெளுத்திருக்கு, ரெண்டு கையையும் பானெட் மேல ஊணிக்கிட்டு நிக்கறார். உங்கப்பா தலையை வெளிய நீட்டி எவ்வளவு இடம் இருக்குன்னு கேட்டார். ஆர்வில் நிமிர்ந்து கோட்டை இழுத்து விட்டுக்கிட்டார். "நடுவுல இன்னொரு வண்டி நிறுத்தலாம் டெல்மர்"னார். என் பக்கம் பாத்தார். நான் ஆமான்னேன். உங்கப்பா ஸ்டியரிங் மேல கையை வெச்சுக்கிட்டு அப்படியே அழுதார், நானும்தான். அப்புறம் சாவியை எடுத்து என் மடியில வெச்சு, பாலத்துக்கு நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து சத்தம் கேட்டுக்கிட்டு வரேன்னார். இலை நிறம் மாறினதும் போறோம், அக்டோபர்ல.

மத்தபடி ஊர்ல விசேஷம் ஒண்ணும் இல்லை. சர்ச் கூரை இன்னும் ஒழுகுது. பீட்ரூட் ஊறுகாய் போட்டிருக்கேன், உனக்கு எடுத்து வெச்சிருக்கேன். லுவெல்லா அந்தக் கண்ணாடித் தட்டைக் கழுவி, ஆப்பிள் கேக் வெச்சு எனக்குத் திரும்பக் கொண்டு வந்தா, இப்ப மறுபடி என்கிட்ட நிக்குது, நானும் வெறுமனே தர முடியாது, இது எங்க போய் முடியுமோ. மான் பலகையோட மீதியை ஆர்வில் வளைவுலயே கொண்டு போய் நட்டுட்டார், தலை இல்லாத மான் நிக்குது, ஊருல யாரும் ஏன்னு கேக்கலை.

இந்த உறைக்குள்ள மீன் காந்தத்தை வெச்சிருக்கேன், தபால்ல வழுக்கிடாம ஒட்டியிருக்கேன், கிழிக்கும்போது பாத்துக்கோ. பிக்கப் விக்கறவன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும், கேக் கொடுத்தாலும், கதவுக்குக் கீழ, சக்கரத்துக்கு மேல, எல்லா இடத்துலயும் வெச்சுப் பாரு. கம்பளத்தைத் தூக்கிப் பாரு. வெக்கப்படாதே. கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி தனியா அனுப்பறேன், கால் ஈரத்தோட தூங்காதே. நவம்பர் நன்றித் திருநாளுக்குக் கட்டாயம் வந்துடு, டிக்கெட்டை இப்பவே எடு. கடவுள் உன்னைப் போகும்போதும் வரும்போதும் காக்கட்டும்.

உங்கப்பா இப்ப ரேடியோவை நிறுத்திட்டு, வண்டியைப் பத்தி எழுதினியான்னு கேக்கறார். எழுதினேன்னேன். ஆர்விலுக்கு முன்னாடி இன்னொரு வண்டி நிக்கற அளவு இடம் விட்டு நிறுத்தினேன்னு எழுதுன்னார். எழுதிட்டேன். மேல பம்பரைப் பத்தி நான் எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்ட மாட்டேன். நீ ஃபோன் பண்ணும்போது மாடி ரிசீவரை அவர் எடுப்பார், எவ்வளவு இடம் விட்டு நிறுத்தினீங்கன்னு நீயே கேளு, அவர் சொல்றதைக் கேட்டுக்கோ.

உன் அன்பு அம்மா,
வெர்னா